காலை ஆறு மணி நீர்மட்டம்

மோல்மேன் படகுத்துறையில்
வெள்ளையும் கறுப்புமாய்க் கோடு போட்ட தூண்.
அதில் ஈரம் எங்கே முடிகிறதோ
அங்கே தொடங்குகிறது என் உத்தியோகம்.

அடையாள அட்டையில் டோ சன் யீ.
அர்ச்சனைச் சீட்டில் சிவபாக்கியம், ரேவதி.
அலுவலகத்துக்கு இரண்டும் வேண்டாம்,
சென்டிமீட்டர் போதும்.

இந்தத் தண்ணீருக்கும் ஒரு பெயர் நிலைக்கவில்லை.
பனியில் பிறந்த இடத்தில் ஒன்று,
சீனத்து மலையிடுக்கில் நூ, கோபம் என்று அர்த்தமாம்,
வெள்ளைக்காரன் வாயில் சல்வீன்,
பதிவேட்டில் தான்ல்வின்.
ஐராவதிக்கு யானையின் பெயர். அதன் முதுகில்
அரிசி மூட்டையும் தேக்கும் அரசர்களும் ஏறிப் போனார்கள்.
சிந்துவின் அதனிடமே போய்ச் சேர்ந்துகொண்டது.
சித்தாங் வளைந்து வளைந்து தன் கரையைத் தானே தின்னும்.
இது மட்டும் மேலே எவரையும் ஏற்றிக்கொள்ளாமல்
அத்தனை மைலும் பாறையோடு சண்டை போட்டுவிட்டு
ஜைங்கும் அட்டரானும் வந்து சேரும் இந்த இடத்தில்
எருமை மாதிரிப் படுத்துக்கொள்கிறது.

தமிழில் மட்டும்தான்
எந்த நதியைக் கூப்பிட்டாலும்
கோபம் தணியச் சொன்னதாகிறது:
ஆறு.

நாளுக்கு இரண்டு தரம் கடல் வந்து அதைப் பின்னுக்குத் தள்ளும்.
தூணில் ஏறுவது மலைத் தண்ணீரா கடல் தண்ணீரா
நாக்கில் வைத்தால்தான் தெரியும்.
குறிப்புக் கட்டத்தில் ‘உப்பு’ என்று எழுதுவேன்.
மேலதிகாரி அடித்துவிடுவார்.

மலைத் தண்ணீரின் கணக்கு சோ ஏ டோவிடம்.
கமமவுங்கில் இன்னொரு தூண், இன்னொரு ஆள்.
ஒன்பது வருடமாய் முகம் தெரியாது.
ஆறேகாலுக்குப் போன். எண்ணைச் சொல்வான்,
ஒரு இருமல்,
பிறகு “உங்க பக்கம் மழையா?”
அவ்வளவுதான்.
ஒரே ஒரு தடவை, எண்ணுக்கு முன்னால்,
“ஒரு முழுப் பலாமரம் போகுது, காயோட.
நாளன்னைக்கு உங்ககிட்ட வரும், பாத்துக்குங்க” என்றான்.
வந்தது. ஒரு காய் மிச்சமிருந்தது.

வாசோ பௌர்ணமிக்கு மறுநாள் போன் வரவில்லை.
அடுத்த நாளும்.
டவரை அணைத்துவிட்டார்கள் என்றான் படகோட்டி.
ஊரே காட்டுக்குள் போய்விட்டது என்றாள் வெற்றிலைக்காரி.
விமானம் என்றார்கள் சிலர்,
மெதுவாக, வானத்தைப் பார்க்காமல்.

அவன் கட்டத்தில் சுழியம் போடக் கூடாது.
சுழியம் ஒரு அளவு.
கோடு போட வேண்டும். போட்டேன்.
பதினோரு கோடு.

பன்னிரண்டாம் காலை
யாரும் சொல்லாமல் ஆறு வந்துவிட்டது.
ஒரே இரவில் நூற்று நாற்பது.
துறையில் கட்டிய படகு படிக்கு மேலே நின்றது.
நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை.
செம்மண், இலை, கொஞ்சம் புகை.

வாழைத்தண்டுகள் போயின.
கோழிக்கூண்டு ஒன்று, கதவு சாத்தியபடி.
பள்ளிக்கூட பெஞ்சு, அதில் ஒரு தவளை.
அப்புறம் வெள்ளையும் கறுப்புமாய்
ஒரு துண்டு மரம், பர்மிய எட்டு, பாதி ஒன்பது.
எந்த நிலையத்துத் தூணோ.
ஆறு நெடுகத் தூண்கள் உண்டு.
படகோட்டி கழியால் இழுக்கப் பார்த்தான்.
வேண்டாம் என்றேன், ஏன் என்று தெரியவில்லை.
அது போக வேண்டிய பக்கம் போனது.

பதிவேட்டில் எழுதினேன்: 812. உப்பு இல்லை.
இந்தத் தடவை யாரும் அடிக்கவில்லை.

ஆறேகால்.
அவன் எண்ணை அழுத்தினேன்.
ஒரு பெண் குரல், பதிவு செய்தது,
தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்தியது.
நான் வைக்கவில்லை.
எண்ணைச் சொன்னேன்.
கொஞ்சம் பொறுத்து,
எங்க பக்கம் மழைதான், என்றேன்.